துரை இன்னும் எழுந்திருக்கவில்லை

— ...நூத்தி ஒண்ணு.

— சரியாப் பாரும்மா. வாலைத் தூக்கிட்டு நிக்குது பாரு.

— வாலைத் தூக்கினா எடை குறையுமா அத்தை? நூத்தி ஒரு கிராம்தான். டாக்டர் தராசும் இதையேதான் காட்டுச்சு.

— ரெண்டு மாசம் முன்னாடி நூத்தி இருபத்தாறு இருந்தான் என் துரை.

— இருந்தாள்.

— ஆமா, இருந்தாள். வாய் வரமாட்டேங்குது. அஞ்சு வருஷமா கிளியை 'டேய் துரை'ன்னு கூப்பிட்டுட்டு, திடீர்னு 'வாடி துரைசாணி'ன்னா எனக்கே வெக்கமா இருக்கு.

— மெதுவாப் பேசுங்க. சொட்டு மருந்து போட்டதுல கண்ணு சொக்குது அவளுக்கு.

— துண்டோட சேர்த்து இப்படி வை. நமக்கு நடுவுல. நானும் கொஞ்சம் சாயறேன், இடுப்பு விட்டுப் போச்சு.

— அது நாளைக்கு வெட்ட வேண்டிய துணி.

— வெட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை படுத்துக்கிட்டா துணி கோவிச்சுக்காது. நீயும் வா. லீவு நாளும் அதுவுமா எதுக்கு உட்கார்ந்துக்கிட்டே இருக்கே?

— ...ஐயோ, குளுகுளுன்னு இருக்கு.

— பள்ளிக்கூடத்துத் திரைத் துணி. நல்ல கெட்டி நூல். முப்பத்திரண்டு ஜன்னல், அத்தனையும் பச்சை.

— இங்கேருந்து மேல பார்த்தா எல்லாமே பச்சையா இருக்கு. சுவர், மிஷின், உங்க மூஞ்சி...

— என் மூஞ்சியுமா?

— லேசா.

— தைச்சதையெல்லாம் சுத்தித் தொங்க விட்டிருக்கேன்ல, மடிப்பு விழணும்னு. வெளியே மழை வேற மூட்டமா நிக்குது. இலைக்குள்ள படுத்திருக்கற மாதிரி இருக்கு, இல்ல?

— இதைத்தான் டாக்டர் சொன்னார். கேட்டீங்களா, இல்ல ஆஸ்பத்திரிக் கூண்டுல இருந்த வெள்ளைக்காரக் கிளிகிட்ட பேசிக்கிட்டிருந்தீங்களா?

— அதுதான் என்கிட்ட பேசுச்சு. என்ன சொன்னார்?

— இவ முட்டை போட்டதுக்கு நீங்கதான் காரணமாம்.

— நானா! நான் என்னத்தைப் பண்ணினேன்?

— ரூம் பூரா பச்சைத் துணியைத் தொங்க விட்டு இருட்டாக்கினீங்க. மேஜைக்கு அடியில வெட்டுத் துணிப் பெட்டியைத் திறந்து வச்சீங்க. மங்கல் வெளிச்சம், ஒரு மூலை, கிழிக்கறதுக்குத் துணி... மரப் பொந்துன்னு நினைச்சு உள்ளே போய் உட்கார்ந்துட்டாளாம்.

— அட கஷ்டகாலமே. நான் பள்ளிக்கூடத்துக்குத் தைச்சேன், இது காடுன்னு நினைச்சுக்கிச்சா?

— சிரிக்காதீங்க, ஆட்டம் கொடுக்குது... அவ முழிச்சுக்குவா.

— சரி சரி... ஆனா முதல் முட்டையைப் பார்த்தப்ப நீ நின்ன நிலையை நினைச்சா இன்னைக்கும் சிரிப்பு வருது. 'அத்தை, துரை எங்கேருந்தோ முட்டை திருடிட்டு வந்திருக்கான்'னு கத்தினியே!

— வேற என்ன நினைக்கறது? ஆண் கிளின்னுதானே சொல்லி வாங்கிட்டு வந்தார் உங்க பிள்ளை. ஆண்தான் நல்லாப் பேசும், ரெண்டு மூணு வருஷத்துல கழுத்துல வளையம் விழும்னார். நானும் வருஷா வருஷம் கழுத்தை நீவி விட்டுப் பார்த்துக்கிட்டே இருந்தேன்.

— நான் பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தேன். ஒரு தடவை லேசா கறுப்பாத் தெரிஞ்சுச்சு. வந்துடுச்சு வந்துடுச்சுன்னு உனக்குப் போன் பண்ணினேன், ஞாபகம் இருக்கா?

— மிஷின் எண்ணெய்.

— மிஷின் எண்ணெய்! ஆமா. ...அவன் சொன்னதுல எதுதான் சரியா இருந்துச்சு.

— விடுங்க அத்தை.

— விட்டுட்டேன். அவனே விட்டுட்டுப் போயிட்டான், நான் என்னத்தைப் பிடிச்சு வச்சிருக்கேன்? ...என்ன சத்தம் அது? கறுக் கறுக்குன்னு?

— அலகைத் தேய்க்கறா. நிம்மதியாத் தூங்கப் போறான்னு அர்த்தம்.

— பாவம். நெஞ்செலும்பு கத்தி மாதிரி கையில தட்டுப்படுதும்மா.

— சுண்ணாம்புச் சத்து பூரா முட்டைக்கே போயிடுச்சாம். இன்னும் ஒண்ணு போட்டான்னா, உள்ளேயே சிக்கிக்கலாம்னார். சிக்கிச்சுன்னா...

— சொல்லாதே.

— சொல்லல.

— ...முதல் தடவை போனப்பவே தெளிவாச் சொன்னார்ல. முட்டையை எடுக்காதீங்க, எடுத்தா குறையுதேன்னு இன்னொண்ணு போடும்னு.

— ஆமா. இருக்கறது அப்படியே இருந்தா, மூணரை வாரத்துல வெறும் முட்டைன்னு அவளுக்கே தெரிஞ்சுடும், தானா எழுந்துடுவான்னார்.

— மூணரை வாரம்.

— இப்ப எட்டு வாரம்.

— சில பேருக்குப் பிடிவாதம் ஜாஸ்தி.

— ம்...

— ...

— ...அத்தை, தூங்கிட்டீங்களா?

— இல்ல. மழை ஆரம்பிச்சிருச்சான்னு கேட்டுக்கிட்டிருக்கேன். நீ வாடகைக்குப் பிடிச்ச புது ரூம்ல ஜன்னல் எந்தப் பக்கம்?

— கிழக்கு... கிழக்குன்னுதான் நினைக்கறேன்.

— நினைக்கறியா? சாவி வாங்கி ரெண்டு மாசம் ஆச்சு.

— ரெண்டு தடவைதானே போனேன்.

— அளவு கேட்டேனே. அகலமும் உயரமும்.

— மறந்துட்டேன்.

— இதோட நாலாவது தடவை மறக்கறே. கடையில மூக்குக் கண்ணாடிச் சில்லை மயிரிழை தப்பாம சீவி ஃப்ரேம்ல உட்கார வைக்கிறவ, ஒரு ஜன்னலை அளக்க மறந்துட்டாளாம்.

— அளவு நாடாவை எடுத்துக்கிட்டுப் போகல.

— இந்த வீட்டுல அளவு நாடாவுக்குப் பஞ்சமா? தடுக்கி விழுந்தா அதுலதான் விழணும்.

— அடுத்த தடவை பார்க்கறேன் அத்தை.

— திரை இல்லாத ஜன்னலை வச்சுக்கிட்டு எப்படி இருப்பே? தெருவே உள்ளே எட்டிப் பார்க்கும். உனக்குன்னு ஒரு துணி எடுத்து வச்சிருக்கேன். வெண்ணெய் நிறம். ஓரத்துல மெல்லிசா ஒரு நீலக் கோடு. அந்தப் பக்கம் ரெண்டாவது தட்டுல இருக்கு பாரு.

— பார்த்தேன்.

— எப்போ பார்த்தே?

— ரொம்ப நாள் முன்னாடி. என் பேரு எழுதி ஊசி குத்தி வச்சிருந்தீங்க.

— பிடிச்சிருக்கா?

— ...ம்.

— ஏன் இப்படி இழுக்கறே? பிடிக்கலைன்னா சொல்லு, வேற...

— பிடிச்சிருக்கு அத்தை. பிடிச்சிருக்குன்னுதானே சொல்றேன்.

— அதுக்கு ஏன் கோவம்?

— கோவம் இல்ல. ...டாக்டர் கடைசியா ஒண்ணு சொன்னார். நீங்க வெளியே செருப்பு மாட்டிக்கிட்டிருந்தப்ப.

— என்ன?

— மருந்து பாதிதானாம். இடத்தை மாத்தணுமாம்.

— இடத்தைன்னா?

— இந்தப் பெட்டி, இந்த மூலை, இந்தப் பச்சை வெளிச்சம் எதுவும் இனி அவ கண்ணுல படக் கூடாது. பளிச்சுன்னு வெளிச்சம் இருக்கற இடமா, அவளுக்குப் பழக்கமே இல்லாத இடமா இருந்தா, முட்டை நெனப்பு தானா விட்டுப் போகும்னார்.

— பழக்கமே இல்லாத இடம்.

— ஆமா.

— கிழக்கு ஜன்னல்.

— ...ஆமா.

— அன்னைக்கு அடையில இருக்கறதைத் தூக்கிட்டுப் போகக் கூடாதுன்னு சொன்னாங்கன்னு நீதானே சொன்னே. அதனாலதானே 'துரை எழுந்ததும் போறேன் அத்தை'ன்னு...

— அது அன்னைக்கு. அப்ப நூத்தி இருபத்தாறு கிராம். இன்னைக்கு உயிர் முக்கியம்.

— எப்போ போகணும்?

— சீக்கிரம்னார். முடிஞ்சா நாளைக்கே.

— ...

— அத்தை?

— கேக்குது. நாளைக்கே... பெட்டியெல்லாம் கட்டித்தான் இருக்கா?

— அன்னைக்குக் கட்டினதுதான். பிரிக்கவே இல்ல.

— தெரியும். தினமும் காலையில ஒரு புடவையை உருவறே, சாயந்திரம் திரும்பச் சொருகறே. நானும் பார்த்துக்கிட்டுதானே இருக்கேன்.

— இனிமே எத்தனை நாளைக்கு அத்தை? விவாகரத்துல கையெழுத்துப் போட்டு ஏழு மாசம் ஆச்சு. கடையில கேக்கறாங்க, எங்கே இருக்கேன்னு. அத்தை வீட்டுலன்னு சொன்னா, எந்த அத்தைங்கறாங்க. என்ன சொல்லட்டும்? போனவரோட அம்மான்னா?

— அப்படியா கேக்கறாங்க?

— கேலிக்குத்தான். ஆனா கேக்கறாங்க.

— அத்தைங்கறதை விட்டுட்டு வேற எப்படியாவது கூப்பிடேன்.

— எப்படி? பேர் சொல்லியா?

— செருப்பு பிஞ்சுடும்.

— பாத்தீங்களா!

— சிரிக்காதே, அவ முழிச்சுக்குவா... எனக்கு ஒரு கனவு வருதும்மா.

— எப்போ?

— அடிக்கடி. சொன்னா சிரிப்பே.

— சிரிக்கல. சொல்லுங்க.

— மத்தியானம் மாதிரி இருக்கு. நீ கடைக்குப் போயிட்டே. மிஷின் நின்னு போயிருக்கு. இதே பச்சை வெளிச்சம்... துரை பெட்டியை விட்டு இறங்கி, தண்ணி குடிக்கத் தத்தித் தத்திப் போகுது. நான் மேஜைக்கு அடியில குனிஞ்சு படுத்திருக்கேன்.

— இந்த இடுப்போடயா?

— கனவுல இடுப்பு ஏது? ...என் கை பெட்டிக்குள்ள போகுது. கிழிஞ்ச துணியெல்லாம் பஞ்சு மாதிரி கிடக்கு. அதுக்கு நடுவுல நாலு முட்டை. கையில எடுத்தா அவ்வளவு சூடு. எடையே இல்ல, சூடு மட்டும்தான் இருக்கு. அதை மூடி வச்சுக்கறேன். அப்போ ஒரு நினைப்பு வருது. இது ஒண்ணு இல்லைன்னா துரை இன்னொண்ணு போடும். இன்னொண்ணு போட்டா இன்னும் கொஞ்ச நாள் உட்காரும். உட்கார்ந்திருக்கற வரைக்கும் இந்த வீட்டுல சாயந்திரம் ஆறரைக்குக் கதவு திறக்கும். செருப்பைக் கழட்டற சத்தம் கேக்கும். 'அத்தை, காப்பி இருக்கா'ன்னு ஒரு குரல் வரும்...

— அத்தை, இது கனவா?

— கனவு மாதிரிதான் இருந்துச்சு.

— அத்தை.

— கனவு இல்லம்மா. மருந்து டப்பாவுல, தலைவலித் தைலத்துக்குப் பின்னாடி, ஒரு சின்னக் குப்பி இருக்கு. பஞ்சு வச்சு அதுல போட்டிருக்கேன். தூக்கிப் போட மனசு வரல. போய்ப் பாரு.

— வேண்டாம், நான் எழுந்தா அவ முழிச்சுக்குவா.

— திட்டு. நல்லா நாலு வார்த்தை திட்டு. என் பிள்ளை பண்ணினதுக்கு மேல நான் பாவம் பண்ணியிருக்கேன். அவனாவது பேசத் தெரிஞ்ச மனுஷியை விட்டுட்டுப் போனான். நான் வாயில்லாத ஜீவனோட எலும்பை உருக்கியிருக்கேன். டாக்டர் அந்த எக்ஸ்ரே படத்தை விளக்குல பிடிச்சுக் காட்டினப்ப, என்னால அதைப் பார்க்க முடியல. அதான் செருப்பு மாட்டறேன்னு வெளியே வந்துட்டேன்.

— நான் உங்களுக்கு வெள்ளைக்காரக் கிளிதான் முக்கியமாப் போச்சுன்னு நினைச்சேன்.

— அது என்னைப் பார்த்து 'யாரது, யாரது'ன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

— அழாதீங்க.

— அழல. மூக்கு அடைச்சிருக்கு.

— இந்தாங்க, துண்டு... அந்த ஓரம் வேண்டாம், அங்கே எச்சம் போட்டிருக்கா அவ.

— கருமம். நீ வேற சிரிக்க வைக்காதே.

— ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தை.

— என்னன்னு?

— 'இரு'ன்னு.

— எந்த வாயால சொல்றது? என் பிள்ளை உன்னை நட்டாத்துல விட்டுட்டுப் போவான். அவனைப் பெத்தவ, நீ இங்கேயே இருந்து எனக்குக் காப்பி போட்டுக் கொடும்மான்னு கேக்கணுமா? உனக்கு முப்பத்தி நாலு வயசு. உனக்குன்னு ஒரு கதவு, ஒரு ஜன்னல் வேணும்ல. இருன்னு நான் சொன்னா நீ மறுக்கவும் மாட்டே. பாவம் கிழவின்னு இருந்துடுவே. அப்படி இரக்கப்பட்டு ஒருத்தி என் வீட்டுல இருக்க வேண்டாம்னு எனக்கு ஒரு வீம்பு.

— வீம்புதான்.

— வீம்புதான். அப்புறம் திருட்டுத்தனம். ரெண்டும் சேர்ந்து துரை தலையில விழுந்துச்சு.

— நீங்க போகச் சொல்லவும் இல்ல. இருக்கச் சொல்லவும் இல்ல. ஜன்னல் அளவு மட்டும் கேட்டுக்கிட்டே இருந்தீங்க. சரி, எப்போடா கிளம்புவான்னு பார்க்கறாங்கன்னு நினைச்சேன்.

— அடிப் பாவி! நீ அளவைக் கொடுத்துட்டா தைச்சு முடிக்க வேண்டியிருக்குமேன்னு நான் ஒவ்வொரு தடவையும் பயந்துக்கிட்டே கேட்டேன்.

— அப்புறம் ஏன் கேட்டீங்க?

— கேக்காம இருந்தா நல்லா இருக்காதே. ...மழை வந்துடுச்சு. கேக்குதா? திரை லேசா அசையுது பாரு.

— ஜன்னலைச் சாத்தட்டுமா?

— வேண்டாம், சாரல் இந்தப் பக்கம் அடிக்காது. கொஞ்ச நேரம் இப்படியே இரு. நாளைக்கு இந்நேரம் இந்தத் துணியெல்லாம் மடிச்சுக் கட்டியிருக்கும். நீயும் துரையும் அங்கே இருப்பீங்க. நானே வந்து விட்டுட்டு வரேன். நாடாவோட வரேன், ஜன்னலையும் அளந்துடறேன். ஒரே வாரம், திரையை மாட்டிடலாம். துரை பிழைச்சுக்கட்டும். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேண்டாம்.

— அத்தை, பளிச்சுன்னு வெளிச்சம் இருக்கற, அவளுக்குப் பழக்கமில்லாத இடம்தானே வேணும்?

— ஆமா. அதான் கிழக்கு ஜன்னல்...

— இந்த வீட்டு மொட்டை மாடி ரூமுக்குத் துரை ஒரு தடவை கூடப் போனதில்ல.

— அங்கே அவனோட பழைய சாமானெல்லாம்...

— அதைத் தூக்கி வெளியே போடுங்க. அதுக்கும் ஒரு டாக்டர் சொல்லணுமா?

— ...மூணு பக்கமும் ஜன்னல் அங்கே.

— அளந்திருக்கீங்களா?

— வீடு கட்டினப்பவே அளந்தது. ஆனா... வேண்டாம்மா. நீ இப்ப என் அழுகையைப் பார்த்துட்டுப் பேசறே. இதைத்தான் நான் வேண்டாம்னேன். நான் பண்ணின காரியத்தை நாளைக்கு நினைச்சுப் பார்த்தா உனக்கு என் மூஞ்சியிலயே முழிக்கப் பிடிக்காது. இன்னும் ஒண்ணு கேளு. நான் எடுத்தது ரெண்டே ரெண்டு. உன் மேல சத்தியமா ரெண்டுதான். போன மாசம் ஒண்ணு, பதினஞ்சு நாள் முன்னாடி ஒண்ணு. இன்னைக்கு டாக்டர் எத்தனை போட்டுச்சுன்னு கேட்டப்ப, நீ நாலுன்னு சொன்னே. நான் வாயை மூடிக்கிட்டு நின்னேன். அவர் எலும்பைப் பார்த்துட்டு, இது நாலு முட்டை போட்ட உடம்பு இல்ல, எட்டு ஒன்பது போட்டிருக்கும்னார். அதுதான் என்னைப் போட்டு அரிக்குது. பெட்டியில நாலு இருக்கு, நான் எடுத்தது ரெண்டு. ஆறுதானே ஆகுது? டாக்டர் தப்பாச் சொல்றாரா, இல்ல இந்த ரெண்டே அதை அவ்வளவு உருக்கிடுச்சா? என்னம்மா... நான் பொய் சொல்றேன்னு நினைக்கறியா?

— மீதி மூணும் என் கடை மேஜை டிராயர்ல இருக்கு அத்தை... ஒவ்வொண்ணா பஞ்சு சுத்தி, ஒரு மூக்குக் கண்ணாடி வைக்கிற கூட்டுக்குள்ள வச்சிருக்கேன்.